இருபதோடு நிற்கும் சங்கு

நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து சொந்தமாக ஓர் இயங்குதளம், ஓர் ஓ.எஸ்., எழுதப் போவதாகவும், அதற்கு என்னுடைய ஆசியும் ஆலோசனையும் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். ஆசியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அது என்னிடம் நிறையவே மிச்சம் இருக்கிறது. ஆலோசனைதான் கொஞ்சம் சிக்கல். தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவனிடம் ஆலோசனை கேட்டால் அவன் கதைதான் சொல்வான்.

உங்கள் திட்டத்தை முழுவதும் வாசித்தேன். நாற்பது பக்கம். அதில் மூன்று பக்கம் லோகோ. பொய் சொல்லக்கூடாது, லோகோ அழகாக இருக்கிறது. ஜன்னல்களுக்கு நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் 'பயனர்கள்: அனைவரும்' என்று ஒரே ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. உங்களைப் பார்த்துச் சிரித்ததாக நினைக்காதீர்கள். அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழையோடு.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணினித் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பதவிப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கணினி, தொலைபேசி, ஃபியூஸ், தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களா டி.வி. அன்டெனா, எல்லாம் அதற்குள் அடக்கம். வயர் உள்ள எதுவும் பழுதானால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை வயரே இல்லாத ஒரு மாட்டுக்கும் கூப்பிட்டார்கள், அது வேறு கதை.

எங்கள் ஓ.எஸ்.ஸை மூன்று பேர் ஆரம்பித்தோம். ஒன்று நான். இரண்டாவது ஜயந்த, நிவித்திகல டவுனில் ரேடியோவும் டி.வி.யும் திருத்துகிறவன். சிங்களத்தில் யோசித்து, தமிழில் பேசி, சாலிடரில் பதில் சொல்லுவான். மூன்றாவது பாரூக், மாவனல்லையில் கணினிச் சாமான் கடை வைத்திருந்தவன். மூன்று பேரிலும் உண்மையான மூளை அவனுக்குத்தான். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரூக் பஸ் ஏறி வருவான். தொழிற்சாலை அலுவலகத்தின் பின்னறையில் கூடுவோம். முதல் வருடம் முழுக்கப் பெயர் வைப்பதில் போனது. நான் சொன்ன பெயர் கோயில் உபயகாரர் பெயர் மாதிரி இருக்கிறது என்றான் பாரூக். அவன் சொன்னது பல்பொடிப் பெயர் மாதிரி இருக்கிறது என்றேன் நான். ஜயந்த சொன்ன பெயரை எங்கள் இருவருக்கும் உச்சரிக்கவே வரவில்லை. முடிவு கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று கோப்புறைக்கு 'டெஸ்ட் 2' என்று பெயர் போட்டு வைத்தோம். இன்றுவரை அதன் பெயர் டெஸ்ட் 2. டெஸ்ட் 1 என்ன ஆனது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இரண்டாம் வருடம் சுட்டியின் அம்புக்குறி. மூன்றாம் வருடம், முதல் இரண்டு வருடமும் எழுதியது அசிங்கம் என்று பாரூக் சொன்னதால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதினோம். நான்காம் வருடம் அதையே நான் சொன்னேன். ஐந்தாம் வருடம் எங்களிடம் இருந்தது, கணினியைப் போட்டால் ஆறே வினாடியில் எழும்பி, மேல் மூலையில் ஒரு கோடு மின்னிக்கொண்டு நிற்கும் கறுப்புத் திரை. எங்களுக்கு அது பெரிய பெருமை. போட்டுப் போட்டுப் பார்ப்போம்.

அந்த ஐந்தாம் வருடம்தான் பரமேஸ்வரி எங்களைக் கேள்வி கேட்டாள். அலுவலகத்தில் கிளார்க் வேலை அவளுக்கு, முப்பது வயசிருக்கும். தொழிற்சாலைச் சங்கை ஊதும் பொறுப்பும் அவள் தலையில்தான். காலை ஆறுக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுச் சங்கு, ஏழுக்கு வேலைச் சங்கு, பன்னிரண்டு, ஒன்று, பிறகு நாலுக்கு, மற்றவற்றைவிட நீளமாக, வேலை விடுகிற சங்கு. அலுவலகச் சுவரில் ஒரு சுவிட்ச், கூரை மேல் மோட்டர் வைத்த சங்கு. எட்டு வருடமாக ஒரு நிமிடம் பிசகாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஆனா மூணு பேரும் கூடிக் கூடிப் பேசுறீங்களே, என்னா செய்றீங்க?" என்றாள்.

"ஓ.எஸ். எழுதுறோம் பரமேஸ்."

"கம்பியூட்டர்லதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே?"

"அது மாதிரி இன்னொண்ணு."

"இருக்குறது மாதிரியே இன்னொண்ணு எதுக்கு? சரி, அது என்னா செய்யும்?"

"எல்லாம் செய்யும்."

"இப்ப என்னா செய்யும்?"

"இப்ப... போட்டா எழும்பும்."

"எழும்பி?"

"எழும்பி நிக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் செய்றாரு. அவருக்கு அஞ்சு வருசம் எடுக்கல."

பிள்ளைகளே, ஐந்து வருடத்தில் எங்கள் ஓ.எஸ்.ஸைப் பற்றி யாராவது கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி அதுதான். ஓ.எஸ்.ஸின் கருவான கர்னல் எப்படி, நினைவகத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்றெல்லாம் நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டு, நாங்களே பதில் சொல்லி, நாங்களே மெச்சிக்கொண்டிருந்தோம். எழும்பி என்ன செய்யும் என்று மூன்று பேரில் ஒருவனும் கேட்கவில்லை.

பரமேஸ் அதோடு விடவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம். "நான் லீவுல போனா சங்க யாரு ஊதுறதுன்னு டீமேக்கர் ஐயா ஆள் தேடிக்கிட்டு இருக்காரு. எழும்பிச் சும்மா நிக்கிறதுக்கு அத ஊதச் சொல்லுங்களேன்."

கடையில் விற்கும் டைமர் ஒன்றை முன்பே போட்டுப் பார்த்திருந்தார்கள். கரண்ட் போய் வந்தால் அது தன் பாட்டில் பன்னிரண்டு மணியிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை போகும். அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கணினியோ, எழும்ப ஏழு நிமிடம் எடுக்கும். எழும்பியதும், போன தடவை ஏன் ஒழுங்காக அணைக்கவில்லை என்று குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்கும். எங்கள் டெஸ்ட் 2 ஆறு வினாடியில் எழும்பும், ஒன்றுமே கேட்காது. நல்ல குணத்தினால் அல்ல. கேட்பதற்கு நாங்கள் இன்னும் எழுதியிருக்கவில்லை.

ஆக, ஐந்து வருடம் குறையாகக் கிடந்தது ஒரே நாளில் குணமாகிவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓ.எஸ். எல்லாவற்றிலும் மற்றதைவிட நல்லதாக இருக்கத் தேவையில்லை. ஒரு சுவரில், ஒரு சுவிட்சுக்குப் பக்கத்தில், ஒரு ஆளுக்கு நல்லதாக இருந்தால் போதும்.

இரண்டே மாதத்தில் எழுதி முடித்தோம். ஐந்து வருடத்தில் செய்யாத வேலை. கணினியிலிருந்து ஒரு வயர், அதில் ஜயந்த செய்த ஒரு ரிலே, அது சங்கின் மோட்டரைப் போடும், நிறுத்தும். சோதனைக்கு மோட்டருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினோம். தொரை ஒன்பதரைக்குத்தான் அலுவலகம் வருவார். அதனால் நான் தினமும் காலையில் வந்து, ஒன்பது மணிக்குள் சோதித்து முடித்துவிடுவேன். ஆறு மணிக்குப் பல்பு எரிந்தது. ஏழு மணிக்கு எரிந்தது. பன்னிரண்டு, ஒன்று, நாலு ஆகிய மூன்றையும் மனதுக்குள் எரியவிட்டுப் பார்த்து, சரி என்று டிக் போட்டேன்.

திரையில் மணியைக் காட்டியிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பாரூக் அதற்கு வட்ட முகப்பு வைத்த கடிகாரம் ஒன்று வரைந்துகொண்டிருந்தான். முள்ளின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று இன்னும் முடிவாகியிருக்கவில்லை.

பரமேஸ் லீவில் போனாள். ஒரு ஞாயிறு மாலை பல்பைக் கழற்றிச் சங்கை மாட்டினோம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஊதியது. ஏழு மணிக்கு ஊதியது. நான் தொழிற்சாலை முழுக்க ஒரு சுற்று நடந்து, கேட்காதவர்களிடமும் போய், "கேட்டீங்களா? நாங்க செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மணிக்கு நான் ஒரு மேசைக்குக் கீழே தொலைபேசி வயரோடு படுத்திருந்தேன். சங்கு ஊதியது. நாலு மணிச் சங்கு. நான் உடனே என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது பத்து காட்டியது. நின்றுபோய்விட்டதாக்கும் என்று அதைத் தட்டினேன். எங்கள் ஓ.எஸ்.ஸில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

வெளியே வந்து பார்த்தால், மலையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கூடையில் பாதிக் கொழுந்துகூட இல்லை. கங்காணிமார் கீழே நின்று கையை ஆட்டுகிறார்கள், ஒருவரும் கேட்கிற மாதிரி இல்லை. முன்னால் வந்தவர் என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"கம்பியூட்டர் போட்டா வேல சுருக்கா முடியும்னு சொன்னாங்க. இம்புட்டு சுருக்காவா அண்ணே?"

பின்னால் வந்த கூட்டம் சிரித்த சிரிப்பு அடுத்த டிவிஷனுக்குக் கேட்டிருக்கும்.

பிழை இதுதான். கணினிக்குள் இருக்கும் கடிகாரச் சில்லு, நேரத்தை ஒவ்வோர் இலக்கமாகத் தனித்தனியே அடுக்கிச் சொல்லும். நாங்கள் அதை ஒரே எண்ணாகப் படித்தோம். ஒன்பது வரை இரண்டு விதமாகப் படித்தாலும் ஒன்றுதான். பத்தில்தான் வித்தியாசம் வரும். சில்லு பத்து என்றது, நாங்கள் பதினாறு என்று படித்தோம். பதினாறு மணி என்றால் மாலை நாலு. நான் தினமும் ஒன்பது மணிக்குள் சோதித்து முடித்துவிட்டு வெற்றியோடு தேத்தண்ணீர் குடிக்கப் போனேனே, அந்த ஒன்பது மணி.

தொரை ஒரே வார்த்தை சொன்னார்: "அவுட்." எனக்கா பெட்டிக்கா என்று விளங்காமல் இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றோம். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்தான் இடையில் வந்தார். தேயிலை பதம் வருவதை மூக்கினால் அறிகிறவர், அதிகம் பேசமாட்டார். "ஒரு மாசம் பொட்டி இருக்கட்டும் சேர். சங்கு வேணாம், மறுபடி பல்பு மட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றார். சங்கின் சுவிட்சை அந்த மாதம் முழுக்க அவரே போட்டார்.

பாரூக்குக்கு ஃபோன் எடுத்தேன். "மச்சான், ரெண்டு வரிதான் மாத்த ஈக்கி. இப்பவே அனுப்புறன். நாளக்கிக் காலயில ஊதட்டும்" என்றான்.

செய்தி கேட்டு டவுனிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் நின்ற ஜயந்த ஃபோனைப் பிடுங்கினான். "பிஸ்ஸுத மச்சான்? ஒனக்குப் பைத்தியமா? கம்பியூட்டருக்கு ரெண்டு வரி. இந்த மனுசங்களுக்கு எத்தன வரி?"

எனக்கு ஜயந்த சொன்னது பிடிக்கவில்லை. சரியாக இருந்ததால் பிடிக்கவில்லை. அன்று மாலை ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு, யாராவது எனக்கு ஆறுதல் சொல்ல மாட்டார்களா என்று பரமேஸின் லயத்து வீட்டுக்குப் போனேன். ஆறுதலுக்கு அவளிடம் போனது அந்த நாளின் இரண்டாவது பிழை. வாசலில் என்னைக் கண்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்கண்ணே, நாலு மணியாச்சா? இல்ல பத்தா? ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வயித்துல புள்ள ஒதைக்குது."

அவள் சிரித்து முடியும்வரை நான் பிஸ்கட் பெட்டியோடு நின்றேன். பிறகு அவள் எழும்பி, பின்கதவைத் திறந்து காட்டினாள். சமைக்கிற குசினிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் ஒரு கான், கானுக்குப் பின்னால் ஒரு மண்மேடு, மேட்டுக்கு மேலே மலை. பத்து வீடு கொண்ட அந்த லயம் முழுவதும் அந்த மலையின் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லி, அளந்து, கடுதாசியும் கொடுத்திருந்தார்கள். கடுதாசி வந்திருந்தது, வீடு வரவில்லை.

"அண்ணே, அந்தச் சங்குக்கு ரெண்டு வேல. ஒண்ணு நேரம் சொல்றது. இன்னொண்ணு இது" என்று மலையைக் காட்டினாள். "போன மழைக்கு ரெண்டு தடவ மண்ணு சரியுமோன்னு நான் பெரிய சங்கு ஊதினேன். விடாம ஊதினா எல்லாரும் வெளிய ஓடியாரணும், ஸ்கூலுக்குப் போவணும். ரெண்டு தடவையும் ஒண்ணும் நடக்கல. ஆனா எல்லாரும் வந்தாங்க. ஏன் வந்தாங்க? ஊதுறது பரமேஸ்னு தெரியும். இனிமே ஊதினா என்னா நெனைப்பாங்க? பொட்டிக்கு மறுபடி பைத்தியம் புடிச்சிருச்சுன்னு போர்வைய இழுத்துப் போத்திக்குவாங்க. நானும் அதுல ஒருத்தி. இந்தப் புள்ளையோட."

பெருமையாக எதையாவது சொல்லி வைப்போமே என்று, "பிழைய கண்டுபுடிச்சிட்டோம் பரமேஸ். இனிமே நாங்க சொன்ன நேரத்துக்குத்தான் ஊதும்" என்றேன்.

"எம்புட்டு நேரம் ஊதும்?"

"நாங்க சொல்ற அளவுக்கு."

"அதுக்குப் பைத்தியம் புடிச்சா?"

"புடிக்காது."

"இன்னைக்குப் புடிச்சிச்சே?"

"இன்னைக்கு... புடிச்சிச்சு."

"அப்ப அதோட கையக் கட்டுங்க. இருபது எண்ணுறதுக்குள்ள அது நிக்கணும். புத்தி சரியா இருந்தாலும் நிக்கணும், பைத்தியம் புடிச்சாலும் நிக்கணும். இருபத்தொண்ணு எண்ணியும் ஊதுச்சுன்னா அது மனுசக் கைன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியணும். என் சுவிட்ச கழட்டாதீங்க. அது பொட்டி செத்துக் கெடந்தாலும் வேல செய்யணும். அழுத்திப் புடிச்சா மட்டும் ஊதுற மாதிரி வைங்க, யாரும் தெரியாம போட்டுட்டுப் போவக்கூடாது."

நான் முப்பது வருடத்தில் வாசித்த எல்லா வடிவமைப்பு ஆவணங்களையும்விட நல்லது அது. குசினி வாசலில் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது பாரூக் கொதித்துப்போனான். "நாங்க எழுதின கர்னல நாங்களே நம்பாட்டி வேற யாரு மச்சான் நம்புற?" என்றான். அதோடு நிற்காமல் வேறொரு திட்டமும் வைத்திருந்தான். ஒரு மழைமானியைப் பெட்டியோடு இணைப்பது, மழை அளவு தாண்டினால் பெட்டியே பெரிய சங்கையும் ஊதுவது. ஆள் தேவையில்லை. உயிர் காக்கும் ஓ.எஸ். பத்திரிகையில் வரும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. பத்திரிகைப் படத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். மழைமானிக்கு வயர் போகிற வழியை வரைந்து எடுத்துக்கொண்டு டீமேக்கரிடம் போனேன். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார். "நல்லாருக்கு. ஒரு தடவ பொய்யா ஊதினா அடுத்த தடவ எத்தன பேர் வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ரோலர் பக்கம் போய்விட்டார்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அந்தப் படத்தைக் கிழித்தேன். அடுத்த ஞாயிறு பாரூக்கிடம் முடியாது என்று சொன்னேன். அவனும் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தான், கடிகார முகப்பு இல்லாமல். எண்ணில் மணி காட்டும் நாலு வரியை எழுதிவிட்டு, தட்டிலிருந்த வடையை எடுத்தான். நல்ல திட்டம் ஒன்று தப்பிப் பிழைத்தது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஜயந்த இருபது வினாடியில் மோட்டரை வெட்டிவிடும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்து, எங்கள் ரிலேக்கும் சங்குக்கும் நடுவில் வைத்தான். பரமேஸின் சுவிட்சுக்குத் தனி வயர் இழுத்து, அழுத்திப் பிடித்தால் மட்டும் ஊதும்படி மாற்றினான். அந்தப் பெட்டிக்குள் எங்கள் மென்பொருள் ஒரு வரிகூட இல்லை. "ஒங்க புரோகிராம் இதத் தொட ஏலாது. ஏக்க தமா அழகு, அதுதான் அழகு" என்று சொல்லி மூடியை ஆணி வைத்து அடித்தான். பல்பு ஒரு மாதம் எரிந்தது. டீமேக்கர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதைத் தன் கடிகாரத்தோடு பார்த்துக் குறித்தார், ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

பிறகு நான் பெரட்டுக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் பேச வேண்டியிருந்தது. "நாளையிலேருந்து பொட்டிதான் சங்கு ஊதும். அதுக்கு இருபதுக்கு மேல எண்ணத் தெரியாது. இருபத தாண்டி ஊதினா அது மனுசன் ஊதுறது, ஓடியாந்துடுங்க" என்றேன். சிங்களத்தில் ஜயந்த சொன்னான். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணே, எண்ணத் தெரியாததுக்கா அஞ்சு வருசம்?" ஒரு ஓ.எஸ். வெளியீட்டு விழாவில், எழுதியவனே எழும்பி அதற்கு என்ன தெரியாது என்று பேசியது அநேகமாக அங்கேதான் நடந்திருக்கும்.

பரமேஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து அவள் வந்தபோது பெட்டி ஒழுங்காக ஊதிக்கொண்டிருந்தது. லயத்தில் பிள்ளைகள் சங்கோடு சேர்ந்து இருபது வரை எண்ணுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலம். மூன்று நாள் விடாத மழை, மலையில் வேலை இல்லை, எல்லாரும் லயத்தில். பின்னேரம் மூன்றரை இருக்கும். ஓர் இடி இடித்து, கரண்ட் துடித்து, ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. ஆறு வினாடியில் எழும்ப வேண்டிய டெஸ்ட் 2 எழும்பவில்லை. திரை முழுக்கச் சிவப்பில் எழுத்தும் எண்ணுமாகக் கொட்டிவிட்டு உறைந்து நின்றது. எனக்கு ஒரே பதற்றம், நாலு மணிச் சங்கு தவறிவிடுமே என்று. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்ததை ஒரு கடுதாசியில் எழுத ஆரம்பித்தேன். மிகவும் சுவாரசியமான பிழை. இன்றைக்கும் எனக்கு அந்த எண்கள் ஞாபகம் இருக்கின்றன.

பக்கத்து மேசையில் பரமேஸின் ஃபோன் அடித்தது. மாமியார். "என்னா? கான்ல தண்ணி செவப்பா வருதா? மரம் சாஞ்சிருச்சா? புள்ளைய தூக்கிட்டு வெளிய போங்க!" என்று கத்திவிட்டு அவள் சுவர்ப் பக்கம் பாய்ந்தாள். நடுவில் நான், கதிரையோடு.

"ஒரு நிமிசம் பரமேஸ், இந்தக் கடைசி வரிய மட்டும்..."

"அது கெடக்கட்டும், தள்ளுங்கண்ணே!"

கதிரையோடு என்னைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள். சங்கு ஊதியது. ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் அந்த லயம் தெரியும். மாமியார் பிள்ளையோடு முற்றத்தில் நிற்பது தெரிந்தது. மற்ற ஒன்பது கதவும் மூடியே கிடந்தன. கூரையில் புகை. யாரும் வரவில்லை.

நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். பத்து. ஒரு கதவும் அசையவில்லை. பதினைந்து. பரமேஸின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. சுவிட்சை அழுத்திய விரல் நகம் வெளுத்திருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

இருபத்தொன்று.

ஒன்பது கதவும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, எல்லாரும் ஸ்கூல் பாதையில் ஓடினார்கள். அத்தனை நேரமும் அவர்கள் உள்ளே இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அண்ணே, கைய வைங்க. எடுத்துடாதீங்க" என்றாள் பரமேஸ். நான் சுவிட்சில் விரலை வைத்ததும் அவள் மழையில் இறங்கி ஓடினாள். அழுத்திப் பிடித்தால்தான் ஊதும். டீமேக்கர் வந்து என் தோளைத் தொடும்வரை நான் எடுக்கவில்லை. முப்பது வருட சேவையில் நான் செய்த உருப்படியான வேலை என்னவென்று யாராவது கேட்டால், ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தயங்காமல் சொல்வேன்.

மண் அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. பரமேஸ் வீட்டுப் பக்கத்தில் மூன்று குசினியும் ஒரு கோழிக்கூடும் மண்ணுக்குள் போயின. குசினியில் யாரும் இல்லை. கோழிகள்கூட முன்பே எங்கேயோ போயிருந்தன. அதுகளும் எண்ணியிருக்கும்.

அன்று மாலை ஸ்கூல் கட்டடத்தில் எல்லாரும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா பரமேஸ், என்னா இருந்தாலும் நம்ம ஓ.எஸ்...."

அவள் பிள்ளையின் தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, ஒங்க ஓ.எஸ். இன்னைக்கு செஞ்ச ஒரே நல்ல காரியம், இருபதுக்கு மேல ஊதத் தெரியாம இருந்ததுதான்."

அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் இப்போது வேறு இடத்தில் வீடு இருக்கிறது. பெட்டி இன்னும் அதே சுவரில் ஊதுகிறது, இருபது வரை. பாரூக் வெளிநாடு போய்விட்டான். ஆனாலும் பெட்டி நின்றுபோனால் என்ன செய்வதென்று பரமேஸ் ஒரு தாளில் தமிழிலும் ஜயந்த பின்பக்கத்தில் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருப்பதால், எங்கள் மூவரில் ஒருவரும் இல்லாமலே அது ஓடுகிறது. அந்தத் தாளின் முதல் வரி: 'செவப்பு எழுத்து வந்தா அத வாசிச்சிக்கிட்டு நிக்காதீங்க.' அது யாருக்காக எழுதப்பட்டது என்பது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் நாற்பது பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். லோகோவைத் தொடவில்லை. 'அனைவரும்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆளின் பெயரை எழுத இடம் விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு வெற்றுத்தாளும் வைத்திருக்கிறேன். உங்கள் ஓ.எஸ். எதைச் செய்யாது என்று அதில் எழுதுங்கள். எழுதியதும் என்னிடம் காட்ட வேண்டாம், நான் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வேன். அந்த ஆளிடம் போய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்து முடியும்வரை நில்லுங்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள்.